டிராகுலாவும் ருமேனியக் கல்லறையும்

பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா' என்னும் நாவலைப் பேய்க்கதை என்று ஒதுக்கிவிடுவது இறையியலார்க்கு எளிது. ஒதுக்குமுன், அது யாருடைய நம்பிக்கையை எடுத்தாண்டது, எடுத்ததை என்ன செய்தது என்று வினவுதல் தகும்.

ஸ்டோக்கர் டிரான்சில்வேனியாவைக் கண்டவரல்லர். எமிலி ஜெரார்டு அம்மையார் அந்நாட்டு மூடநம்பிக்கைகளைப் பற்றி 1885இல் எழுதிய கட்டுரை அவருக்குக் கைகொடுத்தது. டிராகுலா என்ற பெயரை வில்லியம் வில்கின்சனின் 1820ஆம் ஆண்டு நூலிலிருந்து எடுத்துக்கொண்டார். அப்பெயருக்குரிய வாலாக்கிய மன்னன் விளாத் கொடியவனே; ஆயினும் ருமேனிய நாட்டார் வழக்கு அவனை இரத்தம் உறிஞ்சும் பேயாக்கவில்லை.

அக்கிராமத்தார் அஞ்சியது 'ஸ்டிரிகோய்' என்பதற்கு. அது கோட்டையில் வாழும் பிரபு அன்று. அண்மையில் அடக்கம் செய்யப்பட்ட தந்தை, அல்லது தமக்கை. அது முதலில் நாடி வருவது தன் வீட்டையே. ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்துச் சாவு நேர்ந்தால், முன்னர் இறந்தவரே மற்றவரை இழுத்துக்கொள்கிறார் என்பர். இரத்தம் குடித்தல் இன்றியமையாத கூறன்று. பரிசுத்த அந்திரேயா திருநாளுக்கு முந்திய இரவில், அதாவது நவம்பர் 29இல், கதவுகளிலும் சாளரங்களிலும் பூண்டு தேய்ப்பர். சில ஆண்டுகளுக்குப்பின் கல்லறையைத் திறந்து, எலும்புகளை நீராலும் திராட்சரசத்தாலும் கழுவி, மீண்டும் அடக்கம் செய்யும் வழக்கமும் உண்டு. அப்போது உடல் அழியாதிருந்தால் அச்சம் பிறக்கும். இவை பழங்கதையல்ல. மரோட்டினு தெ சுஸ் என்னும் சிற்றூரில் 2004இல் உறவினர் ஒருவரின் உடலைத் தோண்டியெடுத்து, இதயத்தை எரித்து, சாம்பலை நீரில் கலந்து குடும்பத்தார் பருகினர். அதற்காக அறுவர் தண்டனை பெற்றனர்.

திருமுழுக்குப் பெறாது மாண்ட குழந்தையும் இவ்வாறு திரும்பும் என நம்பினர். அத்தாய்மாரின் துயரத்தோடு இவ்வச்சமும் சேர்ந்ததில் திருச்சபைக்குப் பங்கில்லை என்று சொல்ல இயலுமோ?

ஸ்டோக்கர் இவ்வுறவை அறுத்தெறிந்தார். வீடு திரும்பும் இறந்தோர், இலண்டனுக்குக் கப்பலேறி வரும் அந்நியப் பகைவனாயினர். துக்கம் மறைந்து வெறுப்பு எஞ்சியது. அவருடைய வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தைப் பொடித்து, கல்லறை வாயிலின் இடுக்குகளை அடைக்கிறார். கேட்டால், தமக்குச் சலுகை உண்டென்கிறார். திருவிருந்து இங்கே வெறும் பூச்சுக்காரை. அதுவும் மேற்கத்திய, புளிப்பில்லா அப்பம். ருமேனிய ஆர்த்தடாக்ஸ் மக்களின் பலிபீடத்தில் வைக்கப்படுவதோ புளித்த அப்பம்.

எனினும் ஓரிடத்தில் நாவல் தன் மூலத்தை நெருங்குகிறது. லூசி இறந்தபின் எழுந்து உலாவுகிறாள். அவள் மார்பில் முளையை அறைய வேண்டியவன் அவளை மணக்கவிருந்த ஆர்தரே. அவன் கை நடுங்கவில்லை என்று ஸ்டோக்கர் எழுதுகிறார், முடித்தபின்னரே தள்ளாடுகிறான்.