பறையைக் கற்ற பேராசிரியர்: ஜோயி ஷெரினியனின் ஆய்வுப்பணி குறித்து ஒரு மதிப்பீடு

தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களை ஆராய்ந்தோருள் பலர் சொற்களிலேயே இறையியலைத் தேடினர். இராகமும் தாளமும் சொல்லைச் சுமந்து வரும் கலங்களாகவே அவர்களுக்குத் தோன்றின. ஓசைக்கும் இறையியல் உண்டு என்று வாதிடுபவர், அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழக இசையியல் பேராசிரியர் ஜோயி ஷெரினியன். அவர் மிருதங்கமும் ஜாஸ் முழவுகளும் வாசிப்பவர், பறையும் அடிப்பவர். ஆய்வும் கற்பித்தலும் வாசிப்பும் ஒருவரிடமே கூடியிருப்பதால் அவரது பணி இறையியல் மாணவரின் கவனத்திற்குரியதாகிறது.

1998இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், தமிழ் நாட்டுப்புற இசையைத் தலித் விடுதலை இறையியலாக விளக்கும் தமது நூலை 2014இல் வெளியிட்டார். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த அருள்திரு ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005) அந்நூலின் மையம். ‘பரட்டை’ என மாணவர் அன்புடன் அழைத்த அவர், கடவுளை ஆண், பெண் என்று பிரிக்காத பெற்றோராக விளித்து வழிபாடு அமைத்தார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்துண்பதில் திருவிருந்தின் பொருளைக் கண்டார்.

நூலின் முதன்மை வாதம் இதுவே. வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) வளர்த்த கீர்த்தனை மரபும் மேனாட்டு ஞானப்பாட்டு மரபும் நமது செல்வங்கள். ஆயினும் அவற்றைப் பிழையறப் பாடப் பயிற்சி வேண்டும். நாட்டுப்புறப் பாடலையோ, பாடுவோர் தம் தேவைக்கேற்ப மாற்றிப் புதிதாக்கலாம். இவ்வுரிமை எழுத்தறியாத ஏழைக்கும் உண்டு. ஆகவே அதன் வடிவமே விடுதலைத் தன்மையுடையது என்கிறார் ஷெரினியன்.

இவ்வாதத்திற்கு வலுவூட்டுவது அவர் பறை கற்ற முறையாகும். 2011இல் அவர் உருவாக்கிய ஆவணப்படம், முனைவென்றி என்னும் சிற்றூரின் குறிஞ்சி மலர் குழுவினரைப் பற்றியது. தீயில் தோலைக் காய்ச்சி, சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் பிடித்து அடிக்கும் தலித் கலைஞர்களே அவருக்கு ஆசிரியர்களாயினர். தீண்டத்தகாதது என ஒதுக்கப்பட்ட கருவியை அறிய, பல்கலைக்கழக ஆசிரியர் மாணவராக அமர்ந்தார். இவ்விட மாற்றம் நமது குருத்துவக் கல்விக்கு ஒரு பாடமாகும்.

எனினும் இருகுறைகளைச் சுட்டவேண்டும். முதலாவது, நூல் பெரிதும் ஓர் இறையியலாளரையும் தென் மாவட்டங்களையும் சார்ந்தது. புழல், திருவொற்றியூர், இராயபுரம் ஆகிய வடசென்னைத் தொழிலாளர் பகுதிகளின் கானாவும் சாவு மேளமும் இன்னும் இத்தகைய இறையியலாளருக்குக் காத்திருக்கின்றன. இரண்டாவது, பறை மேடையேறி மதிப்புப் பெறுவதால் பறையடிப்பவரின் தெருவும் மதிப்புப் பெற்றுவிடுமா? படம் இவ்வினாவை எழுப்புகிறது. ஆனால் விடுதலை இறையியல் பேசும் நூலோ திருச்சபையின் ஊர்வழக்கை இன்னும் கடுமையாக விசாரித்திருக்கலாம். கல்லூரிக் கலைவிழாவில் பறைக்குக் கைதட்டிவிட்டு, சபையில் அதைத் தவிர்க்கும் ஆயர்கள் நம்மிடையே உண்டு.

யாத்திராகமம் 15:20இல் மிரியாம் ‘தம்புரு’ எடுத்தாள் என வாசிக்கையில், நரம்புக்கருவியான தம்புராவே நம் மனக்கண்முன் நிற்கிறது. எபிரெய மூலத்திலுள்ள ‘தோப்’ என்பதோ சட்டத்தில் தோல் போர்த்திய கைமுழவு. பறைக்கு நெருங்கிய உறவு. செங்கடலைக் கடந்த அடிமைகளின் முதல் ஆராதனையில் ஒலித்தது தோற்கருவியே.

ஷெரினியன் தொலைநாட்டிலிருந்து வந்து இதனை நமக்கு நினைவூட்டியிருக்கிறார். இனிப் பொறுப்பு நம்முடையது. இறுதி ஊர்வலம் ஆலய வாசலை அடைகையில் மேளத்தை நிறுத்தச் சொல்லும் ஆயர், அதை அடித்து வந்தவர் எங்கே நிற்கிறார், திருவிருந்தில் அவருக்கு எங்கே இடம் என்பதை முதலில் பார்க்கட்டும். தோலின் ஓசையை ஏற்று, அடித்த கையை வெளியே நிறுத்தும் சபை விடுதலையைப் பாடத் தகுதி பெறாது.