உலகமயமாதலும் வாழ்க்கைத் தரமும்: இராசபாளையம், திருவில்லிபுத்தூர்

வளரும் நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை உலகமயமாதல் உயர்த்துகிறது என்பதற்கு ஏற்றுமதிப் பெருக்கமே பெரும்பாலும் சான்றாகக் காட்டப்படுகிறது. ஏற்றுமதிக் கணக்கு ஓர் ஊரின் வணிகத்தைக் காட்டும். அங்கு உழைப்பவரின் வீட்டு வரவு செலவைக் காட்டாது. விருதுநகர் மாவட்டத்தில் ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் உள்ள இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும்.

மருத்துவத் துணி

இராசபாளையத்தில் 1936-இல் நூற்பாலையும் 1939-இல் மருத்துவப் பஞ்சு ஆலையும் தொடங்கப்பட்டன. அருகிலுள்ள சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பகுதிகளின் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ், காஸ் துணிகள் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. 1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களும், உலகத் துணி வணிகத்தில் இருந்த ஒதுக்கீட்டு முறை 2005 சனவரி 1-இல் முடிவுக்கு வந்ததும் இந்தியத் துணி ஏற்றுமதிக்கு வழி திறந்தன. மழையை நம்பிய வேளாண்மைக்கு வெளியே கூலி கிடைக்க நெசவு வழி செய்தது. இந்த நன்மையை மறுக்க இயலாது.

ஆயினும் இடர் சமமாகப் பகிரப்படுவதில்லை. உலகச் சந்தையில் பருத்தி விலை ஏறினால் இங்கே நூல் விலை ஏறும். ஆர்டர் எடுத்தபோது பேசிய துணி விலை ஏறாது. நட்டத்துக்கு அஞ்சிச் சிறு உரிமையாளர் தறியை நிறுத்துவார். நெய்த அளவுக்குக் கூலி பெறும் தொழிலாளிக்கு அன்று வருமானம் இல்லை. 2021 பிப்ரவரியில் பருத்தி இறக்குமதிக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு வரி விதித்த இந்திய அரசு, விலை கடுமையாக ஏறிய பின் 2022 ஏப்ரல் 14 முதல் அதனைத் தற்காலிகமாக நீக்கியது. அதற்குள் விலையேற்றத்தின் சுமை தறிக்கூடங்களை எட்டிவிட்டது.

பால்கோவா

திருவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. இதற்கு அடிப்படையான 1999-ஆம் ஆண்டுச் சட்டம், உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையை ஒட்டி இயற்றப்பட்டது. எனவே உலகமயமாதல் ஊர்ப் பெயருக்குக் காப்பும் தருகிறது. காயத்துக்குக் கட்டும் துணி எந்த ஊரில் நெய்யப்பட்டது என்று நோயாளி கேட்பதில்லை. விலை குறைவான வேறு இடத்துக்கு வாங்குபவர் மாறிவிடலாம். பால்கோவாவுக்கு அந்த நிலை இல்லை. ஆனால் குறியீடு காப்பது பெயரை மட்டுமே. மாடு வளர்ப்பவருக்குக் கிடைக்கும் பால் கொள்முதல் விலையை அது முடிவு செய்வதில்லை.

மதிப்பீடு

ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990 முதல் வெளியிட்டுவரும் மனித வளர்ச்சிச் சுட்டெண், வருமானத்துடன் நலவாழ்வையும் கல்வியையும் சேர்த்து அளக்கிறது. தறி நின்ற வாரத்தில் மருந்துச் செலவும் பள்ளிக் கட்டணமும் கடனாக மாறினால், ஆண்டு ஏற்றுமதி உயர்ந்திருந்தாலும் அக்குடும்பத்தின் வாழ்க்கைத் தரம் தாழ்ந்ததாகவே கொள்ள வேண்டும்.

விலைவாசியுடன் இணைந்த கூலி ஒப்பந்தம், வேலை இல்லாத நாள்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர் ஈட்டுறுதி, பால்கோவா வருவாயில் பால் தருபவருக்கு உரிய பங்கு ஆகியவை இருந்தால்தான் வணிகத்தின் பயன் உழைப்பவர் வீட்டை எட்டும். இவற்றைக் கணக்கில் கொள்ளாமல் ஏற்றுமதி உயர்வையே வாழ்க்கைத் தர உயர்வு என்று எழுதுவது, வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிடுவது போன்றதாகும்.