பெரிய டயர் என்கிற வாதம்: ராஜபாளையத்து மண்ணை முன்வைத்து ஒரு விமர்சனம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மஹிந்திரா தாரோ மாருதி ஜிம்னியோ வாங்குகிற பலரும் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். கம்பெனி டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் போடலாமா? நியாயமான கேள்வி. ஆனால் பதில் தேடிப் போனால் கிடைப்பவை பெரும்பாலும் காணொளிகள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு "போடுங்க பாஸ்" என்று முடிகின்றன. மீதிப் பத்து "போட்டா வண்டி போச்சு" என்கின்றன. இரண்டு தரப்புமே கணக்குப் போடுவதில்லை. இந்தக் குறிப்பு அந்த வாதமுறையைப் பற்றியது. முடிவு உங்களுடையது, பணமும் உங்களுடையது. எதை வைத்து முடிவெடுக்கிறோம் என்பதை மட்டும் கொஞ்சம் துருவிப் பார்ப்போம்.

ஒரே நேரத்தில் மூன்று மாற்றம்

வழக்கமான காணொளியின் அமைப்பு இதுதான். பழைய டயரோடு வண்டி ஒரு மேட்டில் ஏற முடியாமல் சக்கரம் சுற்றும். அடுத்த காட்சியில் பெரிய டயர். வண்டி அதே மேட்டில் சர்ரென்று ஏறும். உரிமையாளர் சிரிப்பார். முடிந்தது.

இங்கே உண்மையில் மாறியது என்ன? ஒன்று, டயரின் விட்டம். இரண்டு, டயரின் பூ. பழையது தார்ச்சாலைக்கான பூ, பாதி தேய்ந்ததாகவும் இருக்கலாம். புதியது ஏ.டி. அல்லது எம்.டி. வகை, கட்டை கட்டையாக நிற்கும் பூ. மூன்று, காத்து. புது டயரைக் காட்ட வருகிறவர் காட்டுப் பாதைக்கென்று காத்தை இறக்கியிருப்பார். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, பெருமையை மட்டும் விட்டத்துக்குக் கொடுக்கிறார்கள். மூணு உரத்தை ஒண்ணாப் போட்டுட்டு, விளைச்சலுக்கு ஒரு மூட்டையை மட்டும் கும்பிடற மாதிரி.

ஒழுங்கான ஒப்பீடு என்றால், கம்பெனி சைஸிலேயே ஏ.டி. டயர் போட்டு, காத்தை இறக்கி, அதே மேட்டில் ஏற்றிக் காட்டவேண்டும். நான் பார்த்த காணொளிகளில் அது இல்லை. எடுத்தால் பெரும்பாலும் வண்டி ஏறிவிடும், அப்புறம் காணொளிக்கு விஷயம் இருக்காது.

இரண்டு சென்டிமீட்டர்

கணக்குக்கு வருவோம். 2020இல் வந்த தாரின் உயர் வகையில் 255/65 ஆர் 18 டயர். 255 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. 18 என்பது ரிம்மின் அங்குலம். ஆக விட்டம் சுமார் 789 மி.மீ. இதற்குப் பதிலாக 285/65 ஆர் 18 போட்டால் விட்டம் சுமார் 828 மி.மீ. வித்தியாசம் 39 மி.மீ. ஆனால் அச்சு டயரின் நடுவில் இருக்கிறது. எனவே வண்டி உயர்வது அதில் பாதிதான். இருபது மில்லிமீட்டருக்கும் ஒரு நூல் குறைவு.

ஜிம்னியில் 195/80 ஆர் 15. விட்டம் 693 மி.மீ. பலரும் அதற்குப் பதிலாக 215/75 ஆர் 15 போடுகிறார்கள். இது பொலிரோவின் சைஸ், எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கும். விட்டம் சுமார் 703 மி.மீ. வண்டி உயர்வது ஐந்து மி.மீ. பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. "பார்க்க நல்லாருக்கு, அதான் போட்டேன்" என்று சொல்கிறவரோடு எனக்குச் சண்டையே கிடையாது. அது நேர்மையான காரணம். கிளியரன்ஸ் என்று சொன்னால்தான் கணக்குக் கேட்கவேண்டியிருக்கிறது.

அகலம் ஏமாற்றும், காத்து ஏமாற்றாது

"அகலமான டயர் மணலில் புதையாது" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை.

ஆளும் சாமானும் சேர்த்து வண்டி 1800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 450 கிலோ. காத்து 32 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டே கால் கிலோ. அப்படியானால் டயர் தரையைத் தொடும் பரப்பு, தோராயமாக, 200 சதுர செ.மீ. டயரை அகலமாக்கிவிட்டு அதே 32 வைத்தால் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. தடத்தின் வடிவம்தான் மாறும், அகலம் கூடி நீளம் குறையும். அதே பழைய டயரில் காத்தை 18க்கு இறக்கினால் பரப்பு ஏறக்குறைய 350 சதுர செ.மீ. பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு கூடாது. ஆனாலும் எது பெரிய மாற்றம் என்பது தெளிவு. கூடுகிற பரப்பில் பெரும்பகுதி நீளவாட்டில் கூடுகிறது. மணலில் நமக்கு வேண்டியது அதுதான்.

இந்த விஷயம் புதிதல்ல. எம்.ஜி. பெக்கர் 1956இல் வெளியிட்ட 'தியரி ஆஃப் லேண்ட் லோகோமோஷன்' என்ற நூலின் பொருளே மண்ணுக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு. ஒரே பரப்பு என்றால், அகலமான குட்டைத் தடத்தைவிட நீளமான ஒடுங்கிய தடம் மண்ணில் குறைவான எதிர்ப்பைச் சந்திக்கும் என்பது அந்த வழி ஆய்வுகளின் அடிப்படைப் பாடம். பெக்கர் பிற்பாடு நிலாவில் ஓடிய வண்டிக்கும் உழைத்தவர்.

பழைய வில்லிஸ் ஜீப்புக்கு 6.00-16 டயர், ஆறு அங்குல அகலம். கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகளைப் பாருங்கள். அவர்கள் அகல டயருக்காகக் காத்திருக்கவில்லை. லோ கியர், பழகிய கை, மெதுவான வேகம், அவ்ளோதான்.

காத்தை இறக்கச் செலவு இல்லை. திரும்ப அடிக்க ஒரு சின்ன பம்பு போதும். ஒரே நிபந்தனை, தார்ச்சாலைக்கு ஏறும் முன்பு அடித்துவிடவேண்டும். இறங்கிய காத்தோடு நெடுஞ்சாலையில் ஓட்டினால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும்.

நம்ம ஊர் மண் என்ன கேட்கிறது

பெரிய டயர் வாதத்தில் அடிக்கடி காணாமல் போவது இடம். மற்ற நாட்டுப் பாலைவனத்துக்கும் பாறைக்காட்டுக்கும் எழுதிய அறிவுரையை அப்படியே இங்கே இறக்குகிறார்கள்.

இங்கே மேற்கே மலையடிவாரம். மாந்தோப்பு, தென்னந்தோப்பு, அவற்றுக்குப் போகிற செம்மண் தடம், குறுக்கே மணலோடை. அய்யனார் கோயில் பக்கமானாலும் செண்பகத்தோப்புப் பக்கமானாலும் இதே கதைதான். ஓடை மணலுக்குக் காத்தை இறக்கினால் போதும். ஓடைக்கல் பக்கச்சுவரைக் கிழிக்கும், அதற்குப் பக்கச்சுவர் தடித்த ஏ.டி. டயர் வேண்டும். சைஸ் வேண்டியதில்லை.

கிழக்கே போனால் கரிசல். காய்ந்திருக்கும்போது எந்த வண்டியும் போகும். நல்ல மழைக்குப் பிறகு அந்தக் களிமண் டயரின் பூ இடுக்கெல்லாம் அப்பி, சக்கரத்தை வழுவழு உருண்டையாக்கிவிடும். எம்.டி. டயர் மண்ணைக் கொஞ்சம் உதறும், ஆனால் ரொம்ப தூரம் காப்பாற்றாது. ஈரக் கரிசலுக்குச் சரியான தீர்வு ரெண்டு நாள் பொறுப்பதுதான்.

"டிராக்டரைப் பாருங்க, பெரிய சக்கரம்தானே போகுது" என்பார்கள். டிராக்டரில் அந்தச் சக்கரத்துக்கு ஏற்ற மாதிரி கடைசிப் பல்சக்கரம் வரை வேகத்தைக் குறைத்து, இழுவையைக் கூட்டி வடிவமைத்திருக்கிறார்கள். அதே டிராக்டர் சேற்று வயலில் இறங்கும்போது இரும்பு கேஜ் வீல் மாட்டிக்கொள்கிறது. உழவர் மண்ணுக்குத் தக்கபடி சக்கரத்தை மாற்றுகிறார், வருஷம் முழுக்க ஒன்றையே மாட்டிக்கொண்டு அலைவதில்லை.

காடு? மலைக்காடு 2021 பிப்ரவரியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அதற்கு முன்பே, 1980களின் கடைசியிலிருந்து, இந்தப் பக்கம் சாம்பல் நிற அணில் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டி உள்ளே போகக்கூடாது, போகவும் வேண்டாம். 33 அங்குல டயர் கேட்கிற பாதை என்று இந்தப் பக்கம் ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிறது. இதைச் சொல்லாமல் டயரைப் பரிந்துரைப்பது போகமுடியாத ஊருக்கு டிக்கெட் விற்பது.

எதிர்த்தரப்பும் சரியில்லை

பெரிய டயர் வேண்டாம் என்கிறவர்களின் கணக்கிலும் ஓட்டை உண்டு. "மைலேஜ் பத்து சதவீதம் விழுந்துடுச்சு" என்பார்கள். விட்டம் ஐந்து சதவீதம் கூடினால் சக்கரம் குறைவான சுற்றே சுற்றும். ஓடோமீட்டர் சுற்றைத்தான் எண்ணுகிறது. அது 500 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 525 ஓடியிருக்கும். ஆக அந்தப் பத்தில் பாதி, மீட்டர் குறைத்து எண்ணியதால் வந்த மாயை. மீதிதான் எடையும் உருளும் எதிர்ப்பும் தின்றது.

"ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்" என்பதும் அப்படியே. ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது விதி. அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே காட்ட வைக்கின்றன. பெரிய டயர் அந்தக் கூடுதலைத் தின்றுவிடும். ஐந்து சதவீதத்தில் தப்பிக்கலாம், அதைத் தாண்டினால் தப்பிக்க முடியாது.

உண்மையான ஆபத்து இவர்களும் அழுத்திச் சொல்லாத இடத்தில் இருக்கிறது: பிரேக். டயரின் ஆரம் கூடினால், அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்துவிசை அந்த அளவுக்குக் குறையும். டயரும் கனமாக இருந்தால் அதன் சுழற்சியை நிறுத்தவும் கூடுதல் உழைப்பு. எம்.டி. பூவானால் ஈரத் தார்ச்சாலையில் பிடிப்பும் குறைவு. ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையம் சாலை கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை. கேரளா போகும் லாரிகள், குறுக்கே வரும் மாடு, முன்னே திடீரென்று நிற்கும் மினி பஸ். பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நீங்கள் தினமும் ஓட்டுவது இந்தச் சாலையில். ஓடைக்குப் போவது மாதத்தில் எத்தனை நாள்?

சக்கரத்தைத் தனியாக யோசிக்கக்கூடாது என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஆண்டாள் கோயில் பெரிய தேரில் மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்தது. இன்று அதில் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கிறது.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடுவழியில் யாரும் நாடா பிடித்து அளக்கப்போவதில்லை என்பது உண்மைதான். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போது அளப்பார்.

பெரிய டயருக்கு நியாயம் உள்ள இடம்

ஒரு இடம் உண்டு. டிராக்டர் போய்ப் போய்ப் பள்ளமான தோப்புத் தடம். ரெண்டு பக்கமும் குழி, நடுவில் மேடு. தாரின் பின்பக்கம் ஒரே அச்சாக இருப்பதால் நடுவில் தொங்கும் டிஃப்ரென்ஷியல் அந்த மேட்டில் உரசும். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தூக்கினால் பாடிதான் உயரும், அந்த அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை உயர்த்த ஒரே வழி டயர். தினமும் அந்தத் தடத்தில் போயே ஆகவேண்டியவருக்கு ரெண்டு சென்டிமீட்டர் பெரிய விஷயம். ஆனால் அவர்கூட ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். நாலு பெரிய டயரும், அதே சைஸில் ஒரு ஸ்டெப்னியும் வாங்குகிற காசில், அந்த நடுமேட்டை மண்வெட்டியாலோ ஒரு நாள் ஜே.சி.பி. வாடகையாலோ சீவிவிட முடியாதா?

எப்படி முடிவெடுப்பது

கடைக்குப் போகும் முன்பு, கடந்த ஒரு வருஷத்தில் உங்கள் வண்டி எங்கெங்கே மாட்டியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். பிடிப்பு இல்லாமலா, மணலில் புதைந்தா, பக்கச்சுவர் கிழிந்தா, அடியில் உரசியா? முதலாவதற்கு நல்ல பூ, இரண்டாவதற்குக் காத்து, மூன்றாவதற்குத் தடித்த பக்கச்சுவர். இவை மூன்றும் கம்பெனி சைஸிலேயே கிடைக்கும். நாலாவது மட்டும்தான் விட்டம் கேட்கிறது.

அடியில் உரசியதுதான் அதிகம் என்றால் பெரிய டயர் பார்க்கலாம். விட்டம் மூன்று சதவீதத்துக்குள் இருக்கட்டும். கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் பாரக்குறியீட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, மட்கார்டில் உரசுகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

தாளில் எழுத ஒரு வரியும் வரவில்லை என்றால், உங்களுக்கு வேண்டியது கம்பீரம். அதையும் தப்பென்று சொல்லமாட்டேன். அதற்கு ஐந்து மி.மீ. போதும், 33 அங்குலம் வேண்டாம்.