மூன்று மலை, ஒரு வேன்

பிரிட்டனின் 'மூன்று சிகரச் சவால்' தெரியுமா? ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ், இங்கிலாந்தின் ஸ்கேஃபெல் பைக், வேல்ஸின் ஸ்னோடன் மூன்றையும் 24 மணி நேரத்தில் ஏறி இறங்கணும். நடப்பது சுமார் 37 கிலோமீட்டர்; வண்டியில் போவது 700-க்கும் மேல். இதுல மலை எங்கே இருக்கு?

இதை நடத்தித்தர கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் உண்டு. பலர் நல்ல காரியத்துக்கு நிதி திரட்டத்தான் நடக்கிறார்கள், சரி. ஆனால் ராத்திரி வேன் சத்தத்தில் தூக்கம் கெடுவது மலையடி வாஸ்டேல் ஹெட்காரர்களுக்கு. வழிதவறினவரைத் தேடிப் போவது சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

ஸ்கேஃபெல் பைக் உச்சி, முதல் உலகப் போரில் இறந்த அந்த வட்டாரத்து ஆட்களின் நினைவாக 1919-இல் தேசிய அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறவருக்கு அங்கே நின்று நினைக்க நேரம் ஏது?