டேலி ஆனால் போதுமா?

'கைரேகை பொய் சொல்லாது' என்று எத்தனை சினிமாவில் கேட்டிருப்பீர்கள்! ரேகை சொல்லாது சார், அதைப் பார்ப்பவர் தப்பாகச் சொல்லலாம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் சிக்கிய ரேகை அமெரிக்க வக்கீல் ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். மனிதர் இரண்டு வாரம் உள்ளே. கடைசியில், அது ஓர் அல்ஜீரியருடையது என்றது ஸ்பெயின் போலீஸ்.

இதை வைத்து, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் இட்டியல் ட்ரோர் ஒரு காரியம் செய்தார். ஐந்து நிபுணர்களிடம், அவர்களே முன்பு 'பொருந்துகிறது' என்று சொன்ன ரேகைகளை நீட்டி, 'எஃப்.பி.ஐ. கோட்டைவிட்டது இதைத்தான்' என்றார். நான்கு பேர் பேச்சை மாற்றிவிட்டார்கள்! 2006-ல் வெளியான ஆய்வு அது. கோடி ரூபாய் மெஷின் ஏதுமில்லை. நல்ல கேள்வி ஒன்று, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருவோம். ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் தடயவியல் நிபுணர் ஸ்பாட்டுக்குப் போக வேண்டும் என்கிறது, 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். காந்திநகரில் 2020-லேயே தேசியப் பல்கலைக்கழகமும் வந்தாச்சு. சந்தோஷம். ஆனால், வாத்தியார்கள்? நோட்ஸ் கொடுத்து, கருவியை இயக்கிக் காட்டினால் போதாது. 'இந்தச் சோதனை நூற்றுக்கு எத்தனை முறை தப்பும்?' என்று அளந்து பார்க்க அவர்களுக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். புரமோஷனுக்காகப் பக்கம் நிரப்பும் கட்டுரைகள் இதில் சேராது.

பி.காம். முதல் வருஷமே சொல்லித் தருவார்கள்: ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் கணக்கில் தப்பு இருக்கலாம். அங்கே போவது பணம். இங்கே, ஓர் ஆளின் ஆயுள்.