கணக்கில் வராத ஏழு மாதம்

பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் என் பெரியம்மா, பம்புசெட் மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் பட்டறையில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர். ஒருநாள் அவருடைய மாமியார் வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அரசுக் காப்பீட்டு அட்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "ஒத்தப் பைசா செலவில்லீங்க" என்று பெரியப்பா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை.

ஆறாம் நாளுக்குப் பிறகு பெரியம்மா ஏழு மாதம் பட்டறைக்குப் போகவில்லை. கிழவியைத் திருப்பிப் படுக்கவைப்பது, படுக்கைப்புண் வராமல் துடைப்பது, துணி மாற்றுவது, பிடித்து நடக்கப் பழக்குவது எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தன. திரும்பிப் போனபோது அவர் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்திய அரசின் 'தேசிய சுகாதாரக் கணக்குகள்' அறிக்கையைப் படித்தேன். நாட்டில் மருத்துவத்துக்கு யார், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று சொல்லும் அறிக்கை அது. கொள்கை வகுப்பவர்களும் ஆய்வாளர்களும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன்படி மொத்த மருத்துவச் செலவில் குடும்பங்கள் கைக்காசாகக் கொடுத்த பங்கு 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4 சதவீதம். இந்தச் சரிவை நான் அலட்சியம் செய்யமாட்டேன். கைக்காசு என்பது பல வீடுகளில் பெண்ணின் கழுத்திலிருந்து அடகுக்கடைக்குப் போகும் நகைதான். அது குறைந்தால் முதலில் மூச்சுவிடுபவர்களும் பெண்களே.

ஆனால் 'செலவு' என்று அறிக்கை எதைச் சொல்கிறது? பணம் கைமாறினால்தான் அதற்குச் செலவு. இது நம் நாட்டு அதிகாரிகள் மட்டும் செய்த ஏற்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து வகுத்த 2011ஆம் ஆண்டின் கணக்குமுறையை ஒட்டியே இந்த அறிக்கை தயாராகிறது. வீட்டில் கூலியில்லாமல் நடக்கும் பராமரிப்பு அந்த முறையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மருத்துவமனையில் செவிலியர் துடைத்துவிட்டால் அது சுகாதாரச் செலவு. ஏழாம் நாள் பெரியம்மா துடைத்துவிட்டால் அது ஒன்றுமேயில்லை.

கோட்பாட்டிலும் இதே ஓட்டை இருக்கிறது. சுகாதாரப் பொருளாதாரம் படிக்கும் மாணவிகள் மைக்கேல் கிராஸ்மன் 1972இல் எழுதிய கட்டுரையைத் தாண்டாமல் வரமுடியாது. உடல்நலம் ஒரு மூலதனம்; மனிதர் மருத்துவத்தையும் தம் நேரத்தையும் போட்டு அதை உண்டாக்கிக்கொள்கிறார் என்பது அதன் சாரம். நேரத்துக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்தான். ஆனால் படுத்துக்கிடக்கும் மாமியாரின் உடல்நலம் அவருடைய நேரத்திலா உண்டானது? மருமகளின் நேரத்தில் உண்டானது. தனிமனிதரை மையத்தில் வைக்கும் அந்த மாதிரியில் மருமகளுக்கு இடமில்லை.

நேரத்தை அளக்கமுடியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அரசே அளந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டாரைக் கூலியின்றிப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 27.6 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம். குழந்தை வளர்ப்பும் இதில் சேர்த்தி. ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 134 நிமிடமும், ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டிருக்கிறார்கள். நிமிடம் ஓர் அறிக்கையில், ரூபாய் வேறோர் அறிக்கையில், இரண்டும் சந்திப்பதேயில்லை. அதனால்தான் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதைத் திறமையான நிர்வாகம் என்று எழுதமுடிகிறது. மருத்துவமனையின் கணக்கில் மிச்சமான நாட்கள் ஒரு பெண்ணின் நாட்களில் போய்ச் சேர்ந்தன என்பதை எழுத அங்கே கட்டமில்லை.

சட்டமும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. இ.எஸ்.ஐ. திட்டத்தின்படி தொழிலாளி தானே நோயுற்றால், சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு அப்படி எதுவுமில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆஸ்பத்திரி வரிசையில் கழியும் அரைநாளைப் பெண்களுக்கு அது மிச்சப்படுத்துகிறது. ஆனால் வீடுவீடாக ஏறி இறங்கும் பெண்களின் பெயர் 'தன்னார்வலர்'. அவர்கள் வாங்குவது சம்பளமில்லை, ஊக்கத்தொகை.

வீட்டுப் பராமரிப்புக்கு விலை போட்டால் பெண்களை அதிலேயே கட்டிப்போட்டதாகிவிடாதா என்று தோழிகள் கேட்பதுண்டு. நியாயமான பயம். ஆனால் நான் கேட்பது பெண்களுக்கு ஒரு விலைப்பட்டியல் இல்லை. ஒரு திட்டம் மலிவு என்று சொல்லுமுன் யாருடைய நேரத்தில் மலிவு என்று ஆய்வாளர் எழுதவேண்டும். பராமரிப்பு விடுப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டத்தில் வரவேண்டும். எழுதாதவரை அந்தச் சுமையை யாரோடும் பங்குபோடச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

பெரியம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாள்கூலி 380 ரூபாய், மாதம் 26 நாள், ஏழு மாதம்: 69,160 ரூபாய். ஒத்தப் பைசா செலவில்லாத வைத்தியத்தில் அவருடைய பங்கு இது. தாளை வாங்கிப் பார்த்தவர் சொன்னார்: "கூலி மட்டுந்தானே எழுதியிருக்கற கண்ணு. பதினொரு வருசம் உக்காந்த எடம் போச்சே, அதைய எங்க எழுதுவ?"

அதற்கு என் தாளிலும் கட்டமில்லை.