மூலன் மனைவிக்குப் பெயர் இல்லை

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மந்தையைக் காத்து இறந்த வீரனின் கல் அது. அவனோடு காவல் நின்ற நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். மாடும் மந்தையும் சார்ந்த நம் கதைகளில் நாய்க்குக்கூடப் பெயர் உண்டு. வீட்டில் காத்திருந்த பெண்ணுக்கு?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சிதம்பரத்தில் பாடிய பெரியபுராணத்தில் திருமூலர் கதையை இந்தக் கேள்வியோடு படித்துப் பாருங்கள். தில்லையை வணங்கிவிட்டுத் திருவாவடுதுறைப் பக்கம் வருகிறார் ஒரு சிவயோகி. சாத்தனூர் இடையன் மூலன் மேய்ச்சல் காட்டில் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயரம் தீர்க்க யோகி மூலனின் உடலில் புகுகிறார். பசுக்கள் மகிழ்கின்றன, மாலையில் வீடு திரும்புகின்றன.

கணவனைத் தேடி வருகிறாள் மூலனின் மனைவி. தொட வருபவளைத் தடுத்து, உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார் யோகி. அவளுக்குப் பிள்ளையில்லை, சுற்றமில்லை என்று சேக்கிழாரே சொல்கிறார். அவள் அஞ்சியதையும் இரவெல்லாம் உறங்காததையும் அவர் மறைக்கவில்லை. மறுநாள் அவள் ஊராரிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்து, இது யோக நிலை, மாற்ற முடியாது என்கிறார்கள். அழுபவளை அழைத்துப் போகிறார்கள். அதோடு அவள் கதை முடிகிறது.

பசுக்களின் துயரத்துக்கு ஒரு அற்புதம் நடந்தது. அவளுடைய துயரத்துக்குத் தீர்ப்பு மட்டுமே கிடைத்தது. கணவன் இறந்துவிட்டான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. மறுநாள் மந்தையை ஓட்டிப்போவது யார், அவளுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று கதை கேட்பதில்லை.

புராண மரபு அப்படித்தான் என்று கடந்துவிட முடியாது. அதே நூலில், புனிதவதி காரைக்கால் அம்மையார் ஆகும்போது, அவரை விட்டுப்போன கணவனின் பெயர் பரமதத்தன் என்று நமக்குத் தெரிகிறது. பெண் அடியாரானால் கணவனின் பெயர் நிற்கிறது. இங்கே ஆண் அடியாராகிறான். அவன் உடலுக்கு உரியவளாக வாழ்ந்தவள் பெயரற்றுப் போகிறாள்.

திருமந்திரத்தைக் குறைத்துப் பேசுவதல்ல என் நோக்கம். அது பிறந்த உடல் ஒரு கூலிக்கார இடையனின் உடல். அந்த உடலுக்குச் சோறு போட்டவள் ஒருத்தி இருந்தாள். திருமூலர் கதையை அடுத்தமுறை யாராவது சொல்லும்போது, அவளை அழைத்துப்போன இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். எங்கே அழைத்துப்போனார்கள் என்று கேளுங்கள்.